நாடியும் பெயரும்: பண்பாட்டுக்கு நரம்பியல் தரும் விளக்கங்கள் குறித்து

மனித உணர்வுகளுக்குக் காரணம் கேட்டால் மூளையின் பெயரைச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. தாய் பிள்ளையை அணைப்பதற்கு ஒரு சுரப்புநீர், இசையில் மெய்ம்மறப்பதற்கு ஒரு வேதிப்பொருள், பிறர் துயரில் கண் கலங்குவதற்கு ஒரு வகை நரம்பணு என்று பட்டியல் நீள்கிறது. நாளிதழ்களின் இணைப்பு மலர்களில் தொடங்கிய இவ்வழக்கம் நமது மேடைகளுக்கும் மிம்பர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஸுஜூதினால் மூளையின் எந்தப் பகுதி பயன்பெறுகிறது என்று எடுத்துக்காட்டினால்தான் தொழுகையின் மாண்பு விளங்கும் என்று எண்ணுவோரும் நம்மிடையே உள்ளனர்.

இவ்விளக்கங்களை முற்றாகத் தள்ளுவதும் முற்றாக ஏற்பதும் அறிவுடையோர் வழியன்று. எது நிறுவப்பட்டது, எது ஊகம், எது வெறும் சொல்லாட்சி என்று பிரித்தறிவதே நமது கடமை. அப்பணிக்கு நமது அரபுக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் பலாகா என்னும் அணியியல் கலை எதிர்பாராத துணையாக அமைகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது தமிழ் மண்ணுக்கு உறவுடைய ஓர் அறிஞரின் நூலை.

நூலும் ஆசிரியரும்

வி.எஸ். ராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் தமது புகழ்பெற்ற ஆய்வுகளை நடத்தியவர். 1998இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் இணைந்து எழுதிய 'ஃபேண்டம்ஸ் இன் தி பிரெயின்' அவரை உலகறியச் செய்தது. 2003இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 2011இல் வெளிவந்த 'தி டெல்-டேல் பிரெயின்' என்ற நூலில் கலை, மொழி, பரிவு, நாகரிகம் ஆகிய அனைத்துக்கும் மூளையின் வழியே விளக்கம் தர முயல்கிறார். நாம் கருதும் நூல் இதுவே.

இவ்வாசிரியரின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்வது நீதியாகும். கையை இழந்த ஒருவருக்கு இல்லாத அக்கையில் தாங்கொணா வலி எழுவதுண்டு. இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு விரிக்க இயலாமல் துன்புறுத்தும். ராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவே ஒரு கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு நோயாளியை அமரச் செய்தார். இருக்கும் கையை விரித்தபோது 'இழந்த' கையும் விரிவதைக் கண்ட நோயாளிகளில் சிலருக்கு அவ்வலி தணிந்தது. எல்லாருக்கும் அது பயன் தருவதில்லை எனினும், சில காசு மதிப்புள்ள ஒரு கண்ணாடியைக் கொண்டு உடலுணர்வின் இயல்பை இவ்வளவு தெளிவாகக் காட்டியவர் அரிதே.

கேப்கிராஸ் என்னும் மயக்க நோய்க்கு அவர் தரும் விளக்கமும் அத்தகையதே. இந்நோய்க்கு ஆளானவர் பெற்ற தாயைக் கண்டு, இவர் என் தாயைப் போலவே இருக்கிறார், ஆனால் என் தாய் அல்லர் என்பார். அதே தாய் தொலைபேசியில் பேசினால் உடனே அறிந்துகொள்வார். முகத்தை அறியும் பகுதி நலமாக இருந்தும், அதிலிருந்து உணர்ச்சி மையத்துக்குச் செல்லும் பாதை அறுந்துவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். குரலுக்கு வேறு பாதை உண்டு, அது அறுபடவில்லை. உறவினரை அறிதல் என்பது உருவத்தை அறிதல் மட்டுமன்று, உருவத்தோடு உள்ளத்தில் எழும் ஒரு கனிவும் சேர்ந்ததே என்ற உண்மை இதனால் புலனாகிறது. நரம்பியல் தனது எல்லைக்குள் நிற்கும்போது நமக்கு எத்துணை நன்மை செய்கிறது என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகள்.

நாகரிகத்தை ஈன்ற நரம்பணுக்களா?

எல்லை கடக்கப்படும் இடம் 'கண்ணாடி நரம்பணுக்கள்' பற்றிய இயல். இத்தாலியின் பார்மா நகரில் ஜியாகோமோ ரிஸோலாட்டியும் அவருடைய குழுவினரும் மக்காக் குரங்குகளின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தனர். குரங்கு ஒரு பொருளைக் கையால் பற்றும்போது முனைப்புறும் சில நரம்பணுக்கள், வேறொருவர் அவ்வாறு பற்றுவதைக் குரங்கு வெறுமனே பார்க்கும்போதும் முனைப்புற்றன. 1992இல் இது பற்றிய முதல் அறிக்கை வந்தது. 1996இல் அவற்றுக்குக் கண்ணாடி நரம்பணுக்கள் என்ற பெயர் இடப்பட்டது. வியப்புக்குரிய கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால் இச்சிறு கண்டுபிடிப்பின் மீது எழுப்பப்பட்ட மாளிகை மிகப் பெரிது. உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நரம்பணுக்கள் செய்யும் என்று 2000இல் ராமச்சந்திரன் எழுதினார். 2009இல் மைசூரில் ஆற்றிய உரையில், பிறருக்கும் நமக்கும் இடையேயுள்ள தடையைக் கரைப்பவை என்ற பொருளில் அவற்றுக்குக் காந்தியடிகளின் பெயரைச் சூட்டினார். 2011ஆம் ஆண்டு நூலிலோ நாகரிகத்தை உருவாக்கியவை என்ற பட்டத்தையே அவற்றுக்கு அளிக்கிறார். பாவனை, பரிவு, மொழி, கலைகளின் பரவல் ஆகிய யாவும் இவற்றின் துணையால் விளைந்தவை என்பது அவரது கோட்பாடு. குரங்குக்கும் இவை உண்டே, குரங்குக்கு நாகரிகம் இல்லையே என்ற தடையை அவரும் அறிவார். ஆகவே இவை மட்டுமே போதுமானவை அல்ல, ஆயினும் இன்றியமையாதவை என்று ஒரு வரம்பு கட்டுகிறார். ஆனால் தலைப்பில் பறக்கும் கொடி நினைவில் நிற்கும் அளவுக்கு உள்ளே கட்டிய வரம்பு வாசகர் நினைவில் நிற்பதில்லை.

பின்வந்த ஆய்வுகள் எங்கே கொண்டு சேர்த்தன? மனிதரிடத்தில் இத்தகைய நரம்பணுக்களைத் தனித்தனியே பதிவு செய்தது 2010இல்தான். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்ட 21 நோயாளிகளிடம் அப்பதிவு நிகழ்ந்தது. அவை உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. அவைதாம் பரிவை உண்டாக்குகின்றன என்பது தெளிவாகவில்லை. கிரெகரி ஹிக்கோக் 2009இல் எழுதிய ஆய்வுரையிலும் 2014இல் வெளியிட்ட நூலிலும் இக்கோட்பாட்டின் அடித்தளத்தையே கேள்விக்கு உள்ளாக்கினார். பிறர் செயலை விளங்கிக்கொள்ள அச்செயலை நாமும் செய்ய வல்லவராயிருத்தல் வேண்டும் என்பது கோட்பாடு. மூளைப் பாதிப்பால் பேசும் ஆற்றலை இழந்த பலர் பிறர் பேச்சை விளங்கிக்கொள்கின்றனரே? பறக்க இயலாத நாம் பறவை பறப்பதை அறிந்துகொள்கிறோமே? ஆட்டிசம் உடைய பிள்ளைகளுக்கு இக்கண்ணாடி 'உடைந்திருக்கிறது' என்ற கருத்தையும் ராமச்சந்திரன் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் தம் பிள்ளைக்குப் பிறர் துயர் அறியும் கருவியே இல்லை என்று நம்பிய பெற்றோரின் மனவேதனையை எந்தப் பிந்திய ஆய்வு ஈடுசெய்யும்?

இன்னும் இரண்டு சோதனைகள் நம் கருத்துக்குரியவை. 2005இல் லண்டன் ஆய்வாளர்கள் பாலே நடனம் பயின்றோரிடமும், கபோய்ரா என்னும் பிரேசில் நாட்டு ஆடற்போர்க்கலை பயின்றோரிடமும் இருவகை அசைவுகளையும் காட்டினர். தாம் பயின்ற கலையின் அசைவைக் கண்டபோதே ஒவ்வொருவர் மூளையும் மிகுதியாக முனைப்புற்றது. 2007இல் கரோலின் கேட்மர், வின்சென்ட் வால்ஷ், சிசிலியா ஹெய்ஸ் ஆகியோர் மற்றொரு சோதனை நடத்தினர். திரையில் ஆட்காட்டி விரல் அசைந்தால் சுண்டு விரலையும், சுண்டு விரல் அசைந்தால் ஆட்காட்டி விரலையும் அசைக்குமாறு சிலருக்குப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சிக்குப் பின் அவர்களது 'கண்ணாடி' தலைகீழாயிற்று. ஒரு விரலைப் பார்த்தால் மறு விரலின் தசைகள் ஆயத்தமாயின.

இதன் பொருள் என்ன? கண்ணாடி நரம்பணுக்கள் பண்பாட்டை ஈன்றன என்பதைவிட, பயிற்சியும் பழக்கமும் பண்பாடும் அக்கண்ணாடியை வார்க்கின்றன என்பதே இச்சோதனைகளுக்குப் பொருந்துவது. பிள்ளையைத் தாய் என்று எண்ணிய பிழை போன்றது முந்தைய முடிவு.

வசந்தம் முளைப்பித்த புல்

இத்தகைய பிழை ஏன் நேர்கிறது? இங்கேதான் பலாகா நமக்குக் கைகொடுக்கிறது.

வசந்தகாலம் புல்லை முளைக்கச் செய்தது என்னும் தொடர் பலாகா நூல்களில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. முளைக்கச் செய்பவன் இறைவன். வசந்தம் அதற்குரிய காலம். ஒரு செயலை உண்மையான செயலரிடமிருந்து எடுத்து, அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஏற்றிச் சொல்வதை 'மஜாஸ் அக்லீ' என்றும் 'இஸ்னாத் மஜாஸீ' என்றும் வழங்குவர். இதனை விரிவாக ஆராய்ந்த பெருமை அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானீ (ஹி. 471 / கி.பி. 1078) அவர்களைச் சாரும். பின்வந்த கஸ்வீனீயின் 'தல்கீஸ்' முதலான நூல்கள் ஒரு நுட்பத்தை வலியுறுத்துகின்றன: இத்தொடர் அணியா, நேர்ப்பொருளா என்பது சொல்பவரின் நம்பிக்கையைப் பொறுத்தது. இறைநம்பிக்கையாளர் சொன்னால் அது அணி. வசந்தமே முளைப்பிக்கிறது என்று எண்ணுபவர் சொன்னால் அவரளவில் அது நேர்ப்பொருள், அதாவது ஹகீகத்.

மூளை காதலிக்கிறது, மூளை முடிவெடுக்கிறது, நரம்பணு பரிவு கொள்கிறது என்ற தொடர்களை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். காதலிப்பவன் மனிதன், முடிவெடுப்பவன் மனிதன், மூளை அவனுடைய உறுப்பு. உறுப்பின் மேல் ஏற்றிச் சொல்வது சுருக்கம் கருதிய அணியாயின் குற்றமில்லை. அடிமையை விடுதலை செய்தலைக் குறிக்கத் திருமறை 'கழுத்து' என்னும் சொல்லை ஆளவில்லையா? பகுதியைச் சொல்லி முழுமையைக் கருதும் மரபு அது. ஆனால் கழுத்து மட்டும் விடுதலை பெற்றது என்று எவரும் விளங்கிக்கொண்டதில்லை. நரம்பியல் எழுத்தில் நேர்வது இதன் மறுதலை. அணியாகத் தொடங்கிய தொடர், பத்துப் பக்கம் கடப்பதற்குள் நேர்ப்பொருளாகிவிடுகிறது. மனிதன் விலகிப் போகிறான். மூளை அரியணை ஏறுகிறது.

இப்பிழையை மேலை அறிஞரும் கண்டுள்ளனர். நரம்பியலாளர் மேக்ஸ் பென்னட்டும் மெய்யியலாளர் பீட்டர் ஹேக்கரும் 2003இல் வெளியிட்ட பெருநூலில், முழு மனிதனுக்கு உரியதைப் பகுதிக்கு உரியதாக்கும் இம்மயக்கத்தை விரிவாக எடுத்துரைத்தனர்.

மூளையின் பெயருக்கு உள்ள கவர்ச்சியும் அளக்கப்பட்டிருக்கிறது. உளநிகழ்வுகளுக்கு நல்ல விளக்கங்களும் பொருந்தா விளக்கங்களும் கொடுத்து, அவற்றில் சிலவற்றோடு தொடர்பற்ற நரம்பியல் செய்தியொன்றை ஒட்டவைத்து மதிப்பிடச் சொன்ன ஆய்வு 2008இல் வெளிவந்தது. பொருந்தா விளக்கமும் மூளையின் பெயர் சேர்ந்தவுடன் பொதுமக்களுக்கும் தொடக்கநிலை மாணவர்க்கும் நிறைவளித்தது. துறை வல்லுநர் மட்டும் அதில் மயங்கவில்லை. 2009இல் சில ஆய்வாளர்கள் இறந்த சால்மன் மீனொன்றை மூளை வருடிக் கருவிக்குள் வைத்து, மனிதர் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று 'வினவினர்'. புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது செத்த மீனின் மூளையிலும் 'முனைப்பு' தென்பட்டது! கருவியை இகழ்வது அவர்களின் நோக்கமன்று. கணக்கில் கவனம் வேண்டும் என்பதே அவர்கள் உணர்த்தியது. வண்ணப் படத்தைக் கண்டவுடன் மெய்யென்று நம்பிவிடும் நமக்கும் அது பாடமாகும்.

நமது அவசரம்

பிறர் குறையை மட்டும் பேசி அமைவது நேர்மையாகாது. நம்மவர் செய்வது என்ன?

திருக்குர்ஆனின் 96ஆம் அத்தியாயமான அல்-அலக்கில் 15, 16ஆம் வசனங்கள் பொய்யுரைத்துத் தவறிழைக்கும் முன்னெற்றி உரோமத்தைப் பற்றி இழுப்பது குறித்து எச்சரிக்கின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்களைத் தொழவிடாமல் தடுக்க முனைந்த அபூஜஹ்லைக் குறித்தது இது என்பது விரிவுரையாளர் கூற்று. சென்ற சில பத்தாண்டுகளாக நம்மவர் சிலர், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியே பொய்க்குப் பிறப்பிடம் என்றும், அதனை இவ்வசனங்கள் முன்னறிவித்தன என்றும் எழுதியும் பேசியும் வருகின்றனர். அப்பகுதி பொய்யுரைக்க மட்டுமா உழைக்கிறது? திட்டமிட, கணக்கிட, நாவை அடக்க, உண்மையைத் துணிந்து சொல்லவும் அதுவே உழைக்கிறது.

ஸமக்ஷரீ (ஹி. 538 / கி.பி. 1144) தமது 'அல்-கஷ்ஷாஃப்' விரிவுரையில் இவ்விடத்தை ஓரிரு சொற்களில் தெளிவாக்கிச் சென்றார்: பொய்யும் தவறும் உரோமத்துக்கு ஏற்றிச் சொல்லப்பட்டது இஸ்னாத் மஜாஸீ, உண்மையில் அவை அதன் உரியவனுக்கே. குற்றவாளியின் முன்னெற்றி உரோமத்தைப் பற்றி இழுப்பது அரபியரிடம் இழிவின் அடையாளம். செருக்குற்ற ஒரு மனிதனை நோக்கிய எச்சரிக்கை அது. அதனை மூளைப் பகுதியொன்றின் வருணனையாக மாற்றும்போது, குற்றம் அம்மனிதனிடமிருந்து இறங்கி ஒரு சதைப்பகுதியின்மேல் ஏறுகிறது. ராமச்சந்திரன் நரம்பணுவுக்குப் பரிவை ஏற்றினார். நம்மவர் மூளைக்குப் பொய்யை ஏற்றினர். இருவர் பிழையும் ஒன்றே. நம்முடையது சற்றுப் பெரிது. ஏனெனில் நாம் அதனை இறைமொழியின் பெயரால் செய்கிறோம். இமாம் ஷாதிபீ (ஹி. 790 / கி.பி. 1388) 'அல்-முவாஃபகாத்' நூலில், எல்லாக் கலைகளையும் திருமறைக்குள் காண முனைவோரை மறுத்துரைத்ததன் ஆழம் இங்கே விளங்கும்.

இறைநம்பிக்கையாளரை இறைநம்பிக்கையாளரின் கண்ணாடியாக உவமித்த நபிமொழிக்கும் இதே நிலை நேரலாம். இமாம் அபூதாவூதின் 'ஸுனன்' நூலிலும், இமாம் புகாரியின் 'அல்-அதபுல் முஃப்ரத்' நூலிலும் இடம்பெற்ற நபிமொழி இது. இதனைக் கண்ணாடி நரம்பணுக்களின் முன்னறிவிப்பு என்று கூறுவது எளிது, கூட்டமும் மகிழும். ஆனால் இந்நபிமொழியின் பொருள் வேறு. கண்ணாடி முகத்திலுள்ள மறுவை ஆரவாரமின்றி அவருக்கு மட்டும் காட்டுகிறது. அகன்றபின் நினைவில் வைத்துப் பிறரிடம் சொல்வதில்லை. அதுபோல் உடன்பிறப்பின் குறையை அவருக்கு இதமாக உணர்த்த வேண்டும், அவரது உடைமையையும் அவர் இல்லாதபோது அவர் நலத்தையும் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நரம்பணு தானாக இயங்குவது. நபிமொழி நம்மீது சுமத்துவது ஒரு கடமை. தானாக இயங்குவதற்குக் கட்டளை தேவையில்லை.

நாடி சொன்னது, பெயர் சொன்னது

அப்படியாயின் நமது மரபு உடலைப் புறக்கணித்ததா? இல்லை. அறிவின் இருப்பிடம் எது என்பதில் நம் இமாம்கள் வேறுபட்டனர். இதயம் என்பது ஷாஃபியீ அறிஞர்களின் கருத்து. மூளை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் இதனைக் குறிப்பிடுகிறார்கள். இருவேறு மத்ஹபுகளையும் பின்பற்றுவோர் அருகருகே வாழும் தமிழகத்தில் இவ்வேறுபாட்டால் எவருடைய கடமையும் கூடவுமில்லை, குறையவுமில்லை. பொறுப்பு உறுப்புக்கு அன்று, மனிதனுக்கு என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டிருந்தனர்.

இப்னு ஸீனா (ஹி. 428 / கி.பி. 1037) தமது 'கானூன்' நூலில் காதல் நோயை மூளையைச் சார்ந்த நோய்களின் வரிசையிலேயே வைத்தார். காதலியின் பெயரை வெளியிட மறுக்கும் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஊர்கள், தெருக்கள், வீடுகள், தொழில்கள், பெயர்கள் ஆகியவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எப்பெயரில் நாடி மாறித் துடிக்கிறதோ அதுவே விடை. இதனைத் தாமே சோதித்து வெற்றி கண்டதாகவும் அவர் எழுதுகிறார். மார்க்கம் அனுமதிக்கும் முறையில் இருவரையும் சேர்த்துவைப்பதே மருந்து என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.

இன்றைய மூளை வருடிக் கருவி குருதியின் ஓட்டத்தையும் அதிலுள்ள ஆக்சிஜன் மாற்றத்தையும் கொண்டு மூளையின் முனைப்பை உய்த்தறிகிறது. ஒரு வகையில் அதுவும் நாடி பார்த்தலே. இப்னு ஸீனாவின் முறையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாடி எதுவும் பேசவில்லை. மருத்துவர் ஊரின் தெருக்களையும் வீடுகளையும் அறிந்தவராக இருந்ததால்தான் நாடியின் துடிப்புக்குப் பொருள் கிடைத்தது. நாடி 'ஆம்' என்றது. யார், எந்தத் தெரு, எந்த உறவு என்பதைப் பெயர்களே சொல்லின. அப்பெயர்கள் ஊரில் உள்ளவை, மொழியில் உள்ளவை, உறவில் உள்ளவை. அதாவது பண்பாட்டில் உள்ளவை. நரம்பியல் நமக்கு நாடியைத் தரும்; பெயர்களை நாம்தான் கொண்டுசெல்ல வேண்டும். மருந்தாக அவர் சொன்ன திருமணமும் நாடியில் இல்லை, ஷரீஅத்தில் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலீ (ஹி. 505 / கி.பி. 1111) 'இஹ்யா'வில் இசைச் செவியுறல் பற்றிய பகுதியில் இதே பகுப்பை வேறு வகையில் செய்கிறார்கள். ஒட்டகம் தன்னை ஓட்டுபவனின் பாட்டில் சுமையை மறந்து விரைகிறது. தொட்டிற் குழந்தை இனிய குரலில் அழுகையை நிறுத்துகிறது. ஆதலின் வெறும் இயல்பால் உருகுவது செவியுறலின் முதற்படி. அதில் ஒட்டகமும் பங்காளி. கேட்டதன் பொருளை உணர்ந்து, தன் நிலையோடு பொருத்தி, இறைவனை நோக்கி உயர்வது அடுத்தடுத்த படிகள். இசையின் உச்சத்தில் மூளையில் டோபமின் சுரப்பதை 2011இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் காட்டினர். அது மெய், அது முதற்படியைப் பற்றிய மெய். அரபி அறியாத நம் மக்கள் இனிய கிராஅத்தில் கண்ணீர் வடிக்கும்போதும் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் நன்று. அக்கண்ணீர் இழிவன்று, ஆனால் பயணம் அங்கே முடிவதில்லை.

அதே நூலில் நற்குணங்களை அடையும் வழியைப் பற்றிக் கூறும்போது அவர்கள் எழுத்துக் கலைஞனை எடுத்துக்காட்டுகிறார்கள். அழகிய கையெழுத்தை விரும்புபவன், தேர்ந்த கலைஞனின் கை செய்வதைத் தன் கையால் வலிந்து செய்துவர வேண்டும்; நாளடைவில் வலிந்து செய்தது இயல்பாகிவிடும். கொடையும் பணிவும் பொறுமையும் அவ்வாறே வரும். மேலே கூறிய 2007ஆம் ஆண்டின் விரல் சோதனையை இமாம் அவர்கள் முன்னறிவித்தார்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. அது நாம் இதுவரை கண்டித்த வழி. சோதனை காட்டுவது இவ்வளவே: பயிற்சியால் நரம்பும் மாறும். எதைப் பயில வேண்டும் என்பதை அது சொல்லாது. இமாம் சொல்வது அதை.

பிறர் வலி

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2009இல் சீன ஆய்வாளர்கள், பிறர் கன்னத்தில் ஊசி குத்தும் காட்சிகளைச் சீனர்க்கும் வெள்ளையர்க்கும் காட்டினர். தம் இனத்தவர் முகத்தில் ஊசி பட்டபோது எழுந்த மூளை முனைப்பு, பிற இனத்தவர் முகத்தில் பட்டபோது குறைந்திருந்தது. மூளையின் கண்ணாடி இயல்பாகவே தன் இனத்தைப் பெரிதாகவும் பிற இனத்தைச் சிறிதாகவும் காட்டுகிறது போலும். பண்பாடு நரம்பணுவின் விளைவே என்றால் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அயலான் துயர் எம்மைத் தொடவில்லை, எம் மூளை அவ்வாறு அமைந்தது என்று எந்தச் சமூகமும் கைகழுவிவிடலாம். நமது நாட்டில் ஒருவர் வீடு எரிவதை மற்றவர் வேடிக்கை பார்த்த நாள்களை அறிந்த நமக்கு இந்த விடை எத்துணை ஆபத்தானது என்று விளக்க வேண்டியதில்லை. நம்மவர் பிறர் துயரில் பாராமுகமாயிருந்தாலும் இதே விடை நமக்கும் புகலிடமாகும்.

ஆனால் ஆய்வு அங்கே முடியவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கச் சென்ற சீன மாணவர்களைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. அங்குள்ள பிற இனத்தவரோடு அன்றாடம் பழகும் வாய்ப்பு மிகுந்தவரிடம் இவ்வேறுபாடு குறைந்திருந்தது. பழகினால் கண்ணாடி திருந்துகிறது. பழகுவதா, விலகுவதா என்பதோ நரம்பணுவின் முடிவன்று, நமது முடிவு.

இங்கே புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சி நினைவுக்குரியது. அண்ணலார் (ஸல்) அவர்கள் முன் ஒரு ஜனாஸா கொண்டுசெல்லப்பட்டது. அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று கூறப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் திருப்பிக் கேட்டார்கள். எழுந்து நிற்பதன் சட்ட நிலையில் ஃபிக்ஹு அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் கருதுவது அதனை அன்று. இந்நிகழ்ச்சி நமக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் கருதுகிறோம். பல ஆண்டுகளுக்குப் பின், மதீனாவிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஈராக்கின் காதிஸிய்யாவில் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி), கைஸ் இப்னு ஸஅத் (ரலி) என்னும் இரு நபித்தோழர்கள் அமர்ந்திருந்தனர். ஒரு ஜனாஸா கடந்து சென்றது. இருவரும் எழுந்து நின்றனர். இறந்தவர் இந்நாட்டின் முஸ்லிமல்லாதாருள் ஒருவராயிற்றே என்று அருகிலிருந்தோர் கூறினர். அதற்கு விடையாகவே அவ்விருவரும் அண்ணலார் எழுந்து நின்ற அந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தனர்.

அந்த ஜனாஸாவில் இருந்தவர் அவர்களின் இனத்தவர் அல்லர், உறவினர் அல்லர், அறிந்தவரும் அல்லர். அவர்களது மூளையில் அந்நேரம் எந்த நரம்பணு முனைப்புற்றிருக்கும் என்று ஆராய விரும்புவோர் ஆராயட்டும்; ஏதேனும் ஒன்று முனைப்புற்றே இருக்கும். ஆனால் அவர்களை எழச் செய்தது, ஒரு நாள் கண்டும் கேட்டும் உள்ளத்தில் பதிந்து, பல்லாண்டுப் பயிற்சியால் இயல்பாகிவிட்ட ஒரு நடைமுறை. தாம் ஏன் எழுந்தோம் என்பதற்கு அவர்களிடம் ஒரு காரணமும் இருந்தது; கேட்டவருக்கு அதனைச் சொல்லவும் செய்தனர். ஒரு பண்பாட்டுக்கு விளக்கம் தேடுவோர் அந்தக் காரணத்தைக் கேட்காமல் நாடியை மட்டும் பிடித்துப் பார்த்துத் திரும்பினால், அறிந்தது பாதியே. அதே காரணத்தை மறந்துவிட்டு, நம் வணக்கங்களுக்கு நரம்பியலில் சான்றிதழ் தேடி அலையும் நாமும் அப்பாதியோடுதான் திரும்பி வருவோம்.